ஒரு சோடி குறையுது: பிளக்பூலும் வாவிக்கரையும்

போன வருசம் எங்கட பட்சில் ஒருத்தியின் பக்கத்து வீட்டில் கலியாணம். பறங்கியர் வீடு. கோயிலில் பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து, பின்னேரம் போல வயலின்காரர் தந்தியை முறுக்கத் தொடங்கினார். கிற்றார், மேளம் எல்லாம் தயார். வயசான அன்ரி ஒருத்தர் நடுவில் வந்து நின்று எண்ணிப் பார்த்தார். மூன்று சோடிதான் நின்றது. எங்கட மேசைப் பக்கம் திரும்பி, "மனே, ரெண்டு பேர் எழும்பி வாங்க, ஒரு சோடி குறையுது" என்றார்.

நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். மூன்று பெடியன், ரெண்டு பெட்டை. ஒருத்தரும் எழும்பல்ல. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம். ஒருத்தன் சோடாப் போத்தலையே உத்துப் பார்த்துக் கொண்டிருந்தான். கடைசியில் ஒரு அங்கிளும் அவருடைய பேத்தியும் நாலாவது சோடியாக நின்றார்கள். பிள்ளைக்குப் பத்து வயசு இருக்கும். ஒரு அடியும் பிழைக்காமல் ஆடினாள்.

எங்களுக்கு ஆடத் தெரியாதுதான். ஆனால் எழும்பாமல் இருந்ததற்கு அது பாதிக் காரணம். மற்றப் பாதியைத் தேடித்தான் இந்தக் கட்டுரை. தேடப் போன இடத்தில் இங்கிலாந்தின் ஒரு கடற்கரைப் பட்டினம், ஆர்ஜென்ரீனாவின் ஒரு துறைமுகம், சென்னையின் ஒரு சட்டம் என்று நாங்கள் நினைக்காததெல்லாம் வந்து சேர்ந்தது.

முதுகில் நம்பர் கட்டிய மனிதர்கள்

போல்ரூம் டான்ஸ் போட்டியை உங்களில் பலர் போனில் பார்த்திருப்பீங்க. பளபளக்கும் மரத்தளம். ஆண் கறுப்புக் கோட்டு, பெண் நிலத்தைத் தொடும் பாவாடை. ஆணின் முதுகில் ஒரு நம்பர். பத்துப் பன்னிரண்டு சோடிகள் ஒரே நேரத்தில், இடஞ்சுழியாக, மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி ஆடுகிறார்கள். பாட்டு ஒன்றரை நிமிசம், மிஞ்சினால் ரெண்டு நிமிசம். அதற்குள் நடுவர்கள் எல்லாச் சோடிகளையும் பார்த்து, அடுத்த சுற்றுக்குத் தகுதியானவர்களின் நம்பருக்கு நேரே ஒரு அடையாளம் போடுவார்கள். அதாவது முதல் சுற்றுகளில் புள்ளியே கிடையாது. "இவங்க வேணும், இவங்க வேணாம்", அவ்வளவுதான். கடைசிச் சுற்றில் மட்டும் ஒவ்வொரு நடுவரும் முதலாம், இரண்டாம், மூன்றாம் இடம் என்று வரிசைப்படுத்துவார்கள்.

ஒன்றரை நிமிசத்தில் ஒரு நடுவர் ஒரு சோடியை எவ்வளவு நேரம் பார்ப்பார்? சில செக்கன். அந்தச் சில செக்கனுக்காகத்தான் வருசக்கணக்கான வாழ்க்கை. போட்டி ஆட்டத்தில் தொழில்முறை ஆட்டக்காரர் ஒரு பக்கம், அமெச்சூர் சோடிகள் மறுபக்கம். அமெச்சூர் என்றால் பழைய விதிப்படி ஆட்டத்தால் சம்பாதிக்கக் கூடாது, காசுக்குக் கற்றுக்கொடுக்கவும் கூடாது. பகலில் கந்தோரிலோ கடையிலோ தொழிற்சாலையிலோ வேலை. இரவில் ஏதாவது மண்டபத்தில் பயிற்சி. வகுப்புக் காசு, உடுப்பு, சப்பாத்து, பஸ் ரயில் செலவு எல்லாம் சொந்தக் கையில் இருந்துதான். எல்லாவற்றையும் விடப் பெரிய பிரச்சினை சோடி. உயரம் பொருந்த வேணும், நேரம் பொருந்த வேணும், குணம் பொருந்த வேணும். ஒருத்தர் விலகினால் மற்றவரின் உழைப்பும் அந்தரத்தில் நிக்கும். சில சோடிகள் புருசன் பெண்சாதியாகவே இருப்பது அதனால்தானோ என்னவோ. வீட்டுச் சண்டையைத் தளத்துக்கும் கொண்டுபோகலாம், தளத்துச் சண்டையை வீட்டுக்கும் கொண்டுவரலாம்.

இந்த வாழ்க்கை பழங்காலத்தில் இருந்து வந்த ஒன்றல்ல. வயசு நூறு வருசம்தான். முதலாம் உலகப்போர் முடிந்த கையோடு அமெரிக்காவில் இருந்து ஜாஸ் இசையும் பொக்ஸ்ரொட்டும் இங்கிலாந்துக்கு வந்தன. ஆளாளுக்குக் கண்டபடி ஆடினார்கள். இது டான்ஸ் வாத்திமாருக்குப் பிடிக்கவில்லை. "டான்சிங் ரைம்ஸ்" சஞ்சிகையின் ஆசிரியர் பிலிப் றிச்சர்ட்சன் 1920 மே மாதத்தில் லண்டனில் ஒரு கூட்டத்தைக் கூட்டினார். கூத்தாடித்தனமான அடிகளை நிறுத்த வேணும், எல்லாருக்கும் பொதுவான அடிகள் வேணும் என்பது கூட்டத்தின் சாரம். அதே 1920இல் பிளக்பூல் என்ற கடற்கரைப் பட்டினத்தில் முதலாவது டான்ஸ் விழா. சுற்றுவட்டார மில் தொழிலாளர் லீவுக்குப் போகிற ஊர் அது. 1922இல் விக்ரர் சில்வெஸ்ரரும் பிலிஸ் கிளார்க்கும் உலகப் போட்டியில் வென்றார்கள். 1929இல் இங்கிலாந்தில் விதிகளுக்கென்றே ஒரு சபை. 1931இல் பிளக்பூலில் பிரித்தானியத் தொழில்முறைப் போட்டியோடு அமெச்சூர் போட்டியும் தொடங்கியது.

பத்துப் பதினொரு வருசத்துக்குள் எல்லாம் முடிந்து விட்டது. கால் எங்கே, முழங்கால் எப்போது மடிய வேணும், தலை எந்தப் பக்கம், எல்லாமே புத்தகத்தில் ஏறி விட்டது.

புத்தகத்தில் ஏறியது யாருடைய ஆட்டம்?

இன்றைக்குப் போட்டியில் பத்து ஆட்டம். வோல்ட்ஸ், ரங்கோ, வியன்னா வோல்ட்ஸ், பொக்ஸ்ரொட், குயிக்ஸ்ரெப் ஒரு பக்கம். சம்பா, சாச்சா, றும்பா, பாசோ டொப்ளே, ஜைவ் மறுபக்கம். பெயர்களை ஒருக்கா சத்தமாக வாசித்துப் பாருங்க. ஒன்றிரண்டைத் தவிர எதுவுமே இங்கிலீஷ்காரன் வீட்டுப் பெயரில்லை.

ரங்கோ புவனோஸ் அயர்ஸ் துறைமுகப் பக்கத்து ஏழைகளின் ஆட்டம். அதில் ஆபிரிக்க வம்சத்தவரின் தாளம் கலந்திருக்கு. சம்பா பிரேசிலுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகளுடையது. றும்பா கியூபாவினுடையது. லண்டனில் கற்பித்துக்கொண்டிருந்த மொசியே பியேர் என்ற ஆசிரியர் 1947இல் கியூபாவுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் அங்கத்தைய அடிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். பிறகு அவற்றுக்கும் விதி, அவற்றுக்கும் புத்தகம்.

இந்தக் கதை எங்களுக்குப் புதுசில்லை. தமிழ்நாட்டில் சதிர் என்று தேவதாசிகள் ஆடியதை "சுத்தப்படுத்தி", பரதநாட்டியம் என்று பெயர் நிலைத்து, 1936இல் கலாக்ஷேத்திரா தொடங்கி, 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறைக்கே தடைச்சட்டம் வந்தது. ஆட்டம் மேலே போனது. ஆடினவர்கள் கீழே போனார்கள். லண்டனில் றிச்சர்ட்சன் கூட்டம் வைத்ததற்கும் சென்னையில் நடந்ததற்கும் இடையில் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் ஒரே காலம், ஒரே ஆசை: ஆட்டம் வேணும், அதில் ஒட்டியிருக்கிற ஆட்களின் வாசம் வேணாம்.

இனி வாவிக்கரைக்கு வருவம்.

கோட்டைக்குள் வந்தவர்கள், வெளியில் நின்றவர்கள்

புளியந்தீவில் வாவிக்கரையோடு நிற்கிற கோட்டையை நாங்கள் ஒல்லாந்தர் கோட்டை என்கிறோம். அதை முதலில் கட்டியது போர்த்துக்கேயர், 1628இல். பத்தே வருசத்தில், 1638 மே மாதத்தில், கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இலங்கையில் ஒல்லாந்தர் முதலில் பிடித்த போர்த்துக்கேயக் கோட்டை இதுதான்.

போர்த்துக்கேய ஆட்சி போனது. போர்த்துக்கேய மொழி போகவில்லை. இந்த நாட்டுப் பெண்களை முடித்து, பிள்ளை குட்டியோடு இருந்தவர்கள் எங்கே போவது? அவர்களின் பேச்சு ஒல்லாந்தர் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. ஆண்டது ஒல்லாந்தர், வீட்டில் பேசியது போர்த்துக்கேயம் என்ற நிலை. எங்கட வாயிலும் அது இருக்கு. அலுமாரி, கதிரை, மேசை, சப்பாத்து, பாண், வாங்கு, சாவி, துவாய், விறாந்தை, களுசான். இந்தப் பத்துச் சொல் இல்லாமல் எங்கட வீட்டில் ஒரு நாள் ஓடாது.

மறுபக்கமும் பாருங்க. மட்டக்களப்புப் பறங்கியர் பேசும் போர்த்துக்கேயத்தை 1970களில் இயன் ஸ்மித் என்ற மொழியியலாளர் வந்து ஆராய்ந்தார். சொற்கள் போர்த்துக்கேயம், வசனத்தின் கட்டு தமிழ் மாதிரி. வினை கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபு மாதிரிச் சொல்லின் பின்னால் ஒட்டுகிறது. லிஸ்பனில் இருந்து வருகிறவருக்கு அது தலைகீழாகத் தெரியும். எங்களுக்கு வசன அமைப்பு நேராகத் தெரியும், சொல்தான் விளங்காது. முந்நூறு நானூறு வருசம் பக்கத்து வளவில் இருந்ததன் விளைவு அது. 2015க்குப் பிறகு லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோ தலைமையில் ஒரு குழு மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இந்த மொழியையும் பாட்டையும் ஆட்டத்தையும் ஒலி, ஒளிப்பதிவு செய்தது. எங்கட வீட்டில் இருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் நடந்த வேலை. கேள்விப்பட்டது போன வருசம்தான்.

பறங்கியர் என்றால் கொழும்பில் இங்கிலீஷ் பேசுகிற, பெரிய உத்தியோகம் பார்த்த டச்சுப் பறங்கியர்தான் பலருக்கு ஞாபகம் வரும். மட்டக்களப்பில் அப்படியில்லை. இங்கே தச்சு வேலை, கொல்லு வேலை, தையல், மெஷின் திருத்துவது. பிரித்தானியர் காலத்தில் இவர்களைக் கொஞ்சம் இளக்காரமாக "மெக்கானிக்" என்றே எழுதினார்கள். அக்கரைப்பற்றில் இருந்து ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1982இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ஒல்லாந்தப் பறங்கியரும் போர்த்துக்கேய மெக்கானிக்குகளும் என்று ரெண்டையும் பக்கத்தில் வைத்தார்.

கபிரிஞ்ஞா

இவர்களுடைய ஆட்டம்தான் கபிரிஞ்ஞா. பெயரிலேயே வரலாறு இருக்கு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆபிரிக்காவில் இருந்து படைவீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவந்த மக்களை இங்கே காப்பிரிகள் என்றார்கள். அந்தச் சொல்லோடு போர்த்துக்கேயத்தில் சின்னது, செல்லமானது என்று சொல்கிற விகுதியைச் சேர்த்தால் கபிரிஞ்ஞா. அந்த மக்களின் வழிவந்தவர்கள் இன்றும் புத்தளம் சிறாம்பியடியில் இருக்கிறார்கள். மாஞ்சா என்ற அவர்களின் பாட்டும் தாளமும் தனி ரகம்.

கபிரிஞ்ஞாவின் தாளம் ஆறெட்டு. ஆறாக எண்ணி ரெண்டாக மிதிக்கிற துள்ளல். பைலா கேட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கால் தானாகவே ஆடும். ஆனால் பைலாவுக்கு நாங்கள் ஆடுகிற மாதிரி ஆளாளுக்கு ஆடுவதில்லை. இது சோடி ஆட்டம். சோடிகள் எதிரெதிரே நின்று, வணங்கி, முன்னால் வந்து, பின்னால் போய், இடம் மாறி, மறுகா தன்ர சோடியிடம் திரும்பி வருகிறார்கள். கலியாணத்தில்தான் இதற்குப் பெரிய இடம்.

இந்த வணங்குவதும் இடம் மாறுவதும் ஐரோப்பாவின் குவாட்றில் ஆட்டத்தை ஞாபகப்படுத்தும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மண்டபங்களை ஆண்டது அந்த வகைதான். நாலு சோடி, சதுரமாக நின்று, ஐந்து பாகமாக ஆடுவார்கள். அதில் ஒரு வகை லான்சர்ஸ். காலனிகள் எல்லாம் அது பரவியது. இலங்கைப் பறங்கியரும் ஆடினார்கள்.

1865 முதல் இலங்கையில் சிவில் அதிகாரியாக இருந்த ஹியூ நெவில் என்பவர் ஓலைச்சுவடிகளோடு போர்த்துக்கேயக் கிறியோல் பாட்டுகளையும் சேர்த்தார். ஆயிரம் வரிக்கு மேல் இருக்கும் அந்தக் கையெழுத்துப் பிரதி இப்போது லண்டனில், பிரித்தானிய நூலகத்தில். வாவிக்கரைக்காரர் தங்கட பாட்டைப் படிக்க லண்டன் போக வேணும். நூறு வருசத்துக்குப் பிறகு, 1990இல், கென்னத் டேவிட் ஜாக்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர்தான் அதைப் புத்தகமாக்கினார்.

எட்டுப் பேர் வேணும்

இப்போது அன்ரியின் கணக்குக்குத் திரும்புவம்.

பொக்ஸ்ரொட்டுக்கு ரெண்டு பேர் போதும். வோல்ட்ஸுக்கும் அப்படித்தான். நான், என்ர சோடி. மற்றவர்கள் இடிபடாமல் விலகி ஆட வேண்டிய ஆட்கள். அந்த ஆட்டங்கள் வந்த பிறகு குவாட்றிலும் லான்சர்ஸும் மண்டபங்களில் இருந்து மெல்ல மறைந்தன. போட்டிக்கும் ரெண்டு பேர்தான் வசதி. ஒரு நம்பர், ஒரு சோடி, ஒரு தீர்ப்பு.

லான்சர்ஸுக்கு எட்டுப் பேர். ஏழு பேர் என்றால் ஆட்டமே இல்லை. என்ர சோடி எவ்வளவு நல்லா ஆடினாலும் மற்ற மூன்று சோடியும் இல்லாமல் நான் எங்கே போய் யாரை வணங்குவது? யாரோடு இடம் மாறுவது? ஊர் இருக்கிற வரைக்கும்தான் இந்த ஆட்டம்.

ஊர் எப்படிக் குறைந்தது என்று பாருங்க. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகு பறங்கியரில் இங்கிலீஷ் படித்தவர்கள் கூட்டம் கூட்டமாக அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். மட்டக்களப்பில் காசில்லாதவர்கள், கைத்தொழில்காரர் கனபேர் நின்றுவிட்டார்கள். அப்படி நின்றவர்கள் முப்பது வருசப் போரை எங்களோடு சேர்ந்துதான் அனுபவித்தார்கள். 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தது. கல்லடிக்கு அப்பால், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற டச் பார் பறங்கியரின் பழைய குடியிருப்பு. அலை முதலில் அடித்த இடங்களில் அதுவும் ஒன்று. குடும்பம் குடும்பமாகப் போனார்கள். தப்பியவர்களில் பலர் கரையை விட்டு உள்ளே வந்து குடியேற வேண்டி வந்தது. 2012 குடிசன மதிப்பீட்டில் நாடு முழுவதுமே பறங்கியர் 40,000க்கும் குறைவு.

இதெல்லாம் கழித்தல் கணக்கு. எட்டில் இருந்து ஒன்று போனாலே ஆட்டம் நிக்கும் என்கிற இடத்தில் எவ்வளவு போனது என்று யோசியுங்க. அந்தக் கலியாணத்தில் மூன்று சோடி நின்றதே பெரிய விசயம் என்று இப்போது படுகிறது.

பைலா மட்டும் தப்பியது எப்படி?

தாளம் தப்பியது, ஆட்டம் தங்கிவிட்டது. பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியன் என்ற பாடகர் கபிரிஞ்ஞாத் தாளத்தில் சிங்களப் பாட்டைப் போட்டுப் பைலாவை நாடு முழுக்கக் கொண்டுபோனார். போட்டியும் வந்தது. வாத பைலா என்று ரெண்டு பாடகர் மேடையில் எதிரெதிரே நின்று, உடனுக்குடன் பாட்டுக்கட்டி மோதுவார்கள். பிறகு தமிழில் பொப் இசை என்று வந்ததிலும் அந்தத் துள்ளல் இருந்தது. சிலோன் மனோகர் "சுராங்கனி"யை இந்தியாவுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்றைக்குக் கிரிக்கெட் மட்சில், பஸ் ட்ரிப்பில், கம்பஸ் சோசலில் எல்லாம் பைலா.

கவனியுங்க: பைலாவுக்குச் சோடி தேவையில்லை. தனியே ஆடலாம், ஆண்கள் மட்டும் கூட்டமாக ஆடலாம், மண்டபமே தேவையில்லை. அதனால்தான் அது எங்கேயும் போக முடிந்தது. ஆணும் பெண்ணும் சமமாக எதிரே நின்று வணங்குகிற பகுதி மட்டும் கழன்று வாவிக்கரையிலேயே தங்கிவிட்டது. தாளத்தை எல்லாரும் எடுத்துக்கொண்டோம், சோடியை ஒருத்தரும் எடுக்கவில்லை.

இங்கேதான் மற்றப் பாதிக் காரணம் வருகிறது.

எங்கட வெக்கம்

தமிழில் "பறங்கி" என்ற சொல் எங்கெல்லாம் ஒட்டியிருக்கு என்று பாருங்க. பறங்கிக்காய் பரவாயில்லை. பறங்கிப் புண் என்று பால்வினை நோய்க்குப் பெயர் வைத்தவர்களும் நாங்கள்தான். அவங்கட வீட்டில் ஆம்பிளையும் பொம்பிளையும் கையைப் பிடிச்சு ஆடுவாங்க, குடிப்பாங்க, என்று சின்ன வயசில் காதில் விழுந்த பேச்சு எங்களில் கனபேருக்கு இருக்கு. அதே வாயால் "அவங்க நல்ல சனம், உதவியெண்டா முதல்ல வருவாங்க" என்றும் சொல்வார்கள். ரெண்டுமே ஒரே மூச்சில்.

எங்கட கூத்தில் பெண் வேசத்தையும் பரம்பரையாக ஆண்தான் கட்டினான். வடமோடியோ தென்மோடியோ, களரியைச் சுற்றி விடிய விடிய ஊரே இருக்கும், பெண்கள் பாயில் இருந்து பார்ப்பார்கள். அது எங்கட பெருமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெருமைக்குள் ஒரு வேலி இருந்தது என்பதையும் சொல்ல வேணும். பக்கத்து வளவில் தாத்தாவும் பேத்தியும், புருசனும் பெண்சாதியும், அயலவரும் அயலவரும் எல்லார் முன்னாலும் ஆடினதை வெக்கக்கேடாகப் பார்த்தது அந்த வேலிக்குப் பின்னால் நின்றுதான். அன்றைக்கு எங்களை அந்த மேசையில் பிடித்து வைத்ததும் அதே வேலி. ஆராவது போட்டோ எடுத்துப் போட்டால்? வீட்டில் கண்டால்? ஊர் என்ன சொல்லும்?

மேலைத்தேயத்திலும் வோல்ட்ஸ் முதலில் வந்தபோது இடுப்பைப் பிடிப்பது அசிங்கம் என்றுதான் கத்தினார்கள். அதே வோல்ட்ஸ்தான் இன்று போட்டியில் மரியாதையின் சின்னம். வெக்கத்துக்கும் வயசு உண்டு. அது செத்தும் போகும்.

போட்டி வைத்தால் சரியாகுமா?

இதை எங்களுக்குள் பேசும்போது ஒருத்தன் சொன்னான், "தமிழ்த்தினப் போட்டி மாதிரி இதுக்கும் ஒரு போட்டி வைச்சா எல்லாரும் பழகுவாங்க." சிரித்தோம். பிறகு அது சிரிக்கிற கேள்வியில்லை என்று விளங்கியது.

கூத்துக்கு நடந்ததைப் பாருங்க. 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை எடுத்து, விடிய விடிய ஆடினதை ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் சுருக்கி மேடையேற்றினார். அப்போது மாணவராக ஆடிய மௌனகுரு பிறகு மட்டக்களப்பில் தலைமுறை தலைமுறையாகப் பழக்கினார். அந்த வேலை இல்லாவிட்டால் எங்களில் பலர் கூத்தைப் பார்த்தே இருக்க மாட்டோம். பாடசாலைப் போட்டிகளும் கூத்தைப் பிள்ளைகளிடம் கொண்டுபோயின. ஆனால் நிமிசக் கணக்குக்குள் ஆடும்போது நடுவருக்குத் தெரிகிற அடிதான் மிஞ்சும். களரியைச் சுற்றி இருந்த ஊர், தேத்தண்ணி, தூக்கம், சண்டை எதுவும் புள்ளித்தாளில் இல்லை.

போல்ரூமுக்கும் அதே லாபம், அதே நட்டம். புத்தகத்தில் ஏறாவிட்டால் குயிக்ஸ்ரெப்பை இன்று ஆர் ஆடப் போகிறார்கள்? ஜப்பானில் ஒரு கந்தோர்க்காரரும் அவுஸ்திரேலியாவில் ஒரு கடைக்காரப் பெண்ணும் ஒரே அடியைப் பழக முடிவது அந்தப் புத்தகத்தால்தான். 1996இல் வந்த "ஷல் வீ டான்ஸ்" ஜப்பானியப் படத்தைப் பாருங்க. வேலை, வீடு, ரயில் என்று காய்ந்துபோன ஒரு கணக்காளர், வீட்டுக்கும் சொல்லாமல் டான்ஸ் வகுப்புக்குப் போகிறார். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அவருக்கும் உண்டு. அந்த ஊரிலும் சோடியாக ஆடுவது வெக்கம்தான். எங்களுக்குத் தைரியம் தந்த படம் அது.

அதற்கு முன், 1992இல், அவுஸ்திரேலியாவில் இருந்து "ஸ்றிக்ற்லி போல்ரூம்". விதிக்குள் அடங்காத அடி போடுகிற ஒரு அமெச்சூர் ஆட்டக்காரன். அவனோடு சேரும் பெண் ஸ்பானியக் குடியேறிகளின் மகள். பாசோ டொப்ளே என்றால் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகிறான். பின்வளவில் அவளின் அப்பாவும் பாட்டியும் அவனுக்கு உண்மையான தாளத்தைக் காட்டுகிறார்கள். கோப்பைக்குரிய ஆட்டம் மண்டபத்தில், உயிருள்ள ஆட்டம் குடியேறிகளின் பின்வளவில். படத்தை நிறுத்தி விட்டு எங்களில் ஒருத்தி சொன்னாள், "இது டச் பார் கதை." இலங்கைப் பறங்கியர் கனபேர் போய்ச் சேர்ந்ததும் அந்த அவுஸ்திரேலியாவுக்குத்தானே.

ஆகவே போட்டி கெட்டது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ராத்திரி வேலை முடிந்து வந்து, கால் வீங்க வீங்க பழகுகிற அமெச்சூர் சோடியின் உழைப்பில் பொய் இல்லை. காசு வராது என்று தெரிந்தே ஆடுகிறவர்கள் அவர்கள். அன்ரியும் அப்படித்தான். வித்தியாசம் ஒன்றுதான். அவர்களுக்கு ஒரு நல்ல சோடி கிடைத்தால் போதும். அன்ரிக்கு அயல் முழுக்க வேணும்.

மேடையில் கலாசார நிகழ்ச்சி என்று பத்து நிமிசம் கபிரிஞ்ஞா போடுவதும் நல்லதுதான். பதிவு செய்து லண்டனிலோ லிஸ்பனிலோ வைப்பதும் நல்லதுதான். ஆனால் ரெண்டிலும் நாங்கள் பார்வையாளர். கைதட்டி விட்டு வரலாம். அன்ரி அன்றைக்குக் கைதட்டக் கூப்பிடவில்லை.

இது அவங்கட கலாசாரம், நாங்க போய் நடுவில நிக்கலாமா என்ற கேள்வியும் எங்களுக்குள் வந்தது. நியாயமான கேள்வி. தாளத்தை எடுத்து ஆட்களை விட்டுவிட்ட கதையைத்தானே இவ்வளவு நேரமும் சொன்னோம். எங்கட பதில் இவ்வளவுதான்: கூப்பிடாமல் போய் எடுப்பது வேறு, கூப்பிட்ட பிறகும் எழும்பாமல் இருப்பது வேறு. நாங்கள் செய்தது ரெண்டாவது.

போன மாதம் எங்களில் மூன்று பேர் அந்த வீட்டுக்குப் போனோம். அன்ரி தேத்தண்ணியும் பிஸ்கட்டும் தந்தார். விசயத்தைச் சொன்னதும் சிரித்தார். விறாந்தையில் கதிரைகளை ஓரம் தள்ளினார். கதிரை, விறாந்தை, ரெண்டும் அவருடைய சொல். ஆறை எண்ணி ரெண்டாக மிதிக்கச் சொன்னார். நாங்கள் எண்ணத் தொடங்கி மூன்றிலேயே பிழைத்தோம். அந்தப் பத்து வயசுப் பிள்ளை படியில் இருந்து எங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது.

மார்கழியில் அந்தப் பக்கம் இன்னொரு கலியாணம் இருக்காம். அதுக்குள்ள எப்படியும் வணங்குகிற பகுதியையாவது சரியாகப் பழகி விடுவோம்.